நியூரோஃபீட்பேக் எடுத்தால் தூக்கம் வருமா? எண்ணூர் தங்கைக்கு என் பதில்

எண்ணூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். அவர் வீட்டுக்காரருக்கு 42 வயது, மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூருக்கு ஓடிய குடும்பம். அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் சரியில்லை. படுத்தால் ஒன்றரை மணி நேரம் புரளுகிறார், இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். இப்போது ஒரு சென்டரில் நியூரோஃபீட்பேக் என்று சொல்லி 30 செஷன் பேக்கேஜ், பணத்தை முன்கூட்டியே கட்டுங்கள், மருந்தே வேண்டாம், மூளையை நேராகப் பழக்கிவிடலாம் என்கிறார்களாம். வளையலை அடகு வைத்துக் கட்டலாமா என்பது கேள்வி.

வைக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் விரிவாகப் பேசலாம். நியூரோஃபீட்பேக் ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை, அதன் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. ஆனால் தூக்கமின்மைக்கு அது வேலை செய்கிறதா என்று ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தபோது கிடைத்த பதில் அந்த பேக்கேஜின் விலைக்கு ஈடாகாது. அதைவிட நன்றாக நிரூபணமான ஒரு வழி இருக்கிறது, அதைப் பெரும்பாலும் வீட்டிலேயே, ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டே தொடங்கலாம்.

நான் ஈஈஜி எடுக்கும் டெக்னீஷியன். வடசென்னையில்தான் வேலை, பல வருடமாக மூளை அலைகளை ஸ்கிரீனில் பார்த்துக்கொண்டிருப்பவள். டாக்டர் இல்லை, மருந்து எழுத மாட்டேன். ஆனால் அந்தத் தொப்பியை மாட்டும்போது என்ன நடக்கிறது என்பதை ரொம்பப் பக்கத்திலிருந்து பார்க்கிறவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த அறையில் நடப்பது இதுதான். நாற்காலியில் உட்கார வைப்பார்கள். உச்சந்தலையின் நடுவில், மூக்கின் மேல்பள்ளத்துக்கும் பின்மண்டை மேட்டுக்கும் சரிபாதியில், ஒரு இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து பேஸ்ட் வைத்து எலெக்ட்ரோடு ஒட்டுவார்கள். காது மடல்களில் இரண்டு. மூளையிலிருந்து வரும் மின்சாரம் மைக்ரோவோல்ட் கணக்கில்தான், அதைப் பெருக்கிக் கணினிக்கு அனுப்பி, குறிப்பிட்ட வேகத்து அலை எவ்வளவு இருக்கிறது என்று நொடிக்கு நொடி கணக்குப் போடுவார்கள். அந்த அலை கூடினால் திரையில் ஒரு பட்டை உயரும், அல்லது படம் தெளிவாகும், மணி அடிக்கும். குறைந்தால் படம் மங்கும். எப்படிக் கூட்டுவது என்று யாரும் சொல்லித் தர முடியாது, நீங்களே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிக்க வேண்டும். செஷன் அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை, மொத்தம் 20 முதல் 40 செஷன் என்பது வழக்கம்.

எந்த அலை என்றால், தூக்கத்துக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 12 முதல் 15 தடவை ஏறி இறங்கும் ஒன்று, எஸ்.எம்.ஆர். என்பார்கள். உடம்பை அசைக்காமல், ஆனால் விழிப்போடு இருக்கும்போது மண்டையின் நடுப்பகுதியில் தெரியும் அலை அது. ஆழ்ந்த தூக்கத்தின் டெல்டா அலைகள் நாலு ஹெர்ட்ஸுக்குக் கீழே, கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போது வரும் ஆல்ஃபா 8 முதல் 13 வரை, பரபரப்பாக யோசிக்கும்போது வரும் பீட்டா அதற்கும் மேலே. தூக்கம் வராதவர்களுக்குப் படுத்த பிறகும் இந்த வேகமான பீட்டா கூடுதலாக இருக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடம்பு படுத்துவிட்டது, மூளை இன்னும் காவல் காக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் விஷயம் அப்படியே இதுதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது கேட்க வேண்டிய கதை. 1960களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், லாஸ் ஏஞ்சலஸில், பாரி ஸ்டெர்மன் என்பவர் பூனைகளை வைத்துத் தூக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். சத்தம் நிற்கும்வரை காத்திருந்து பிறகு லீவரை அழுத்தினால்தான் சாப்பாடு என்று பழக்கியபோது, அசையாமல் காத்திருக்கும் பூனையின் மூளையில் இந்த 12–15 ஹெர்ட்ஸ் அலை வருவதைப் பார்த்தார். சரி, அலை வந்தாலே சாப்பாடு என்று மாற்றிப் பார்த்தார்கள், பூனைகள் அந்த அலையை வேண்டுமென்றே உண்டாக்கக் கற்றுக்கொண்டன. பிறகு ராக்கெட் எரிபொருளின் விஷத்தன்மையைச் சோதிக்கும் வேறொரு ஆய்வுக்கு இந்தப் பூனைகளில் சிலவும் போயின. அந்த அலையைப் பழகிய பூனைகளுக்கு மட்டும் அந்த விஷத்தால் வலிப்பு வர ரொம்ப நேரம் பிடித்தது. வலிப்பு நோய்க்கு நியூரோஃபீட்பேக் என்ற பாதை அங்கிருந்துதான் பிறந்தது.

தூக்கத்துக்கான பாதை 1970இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு கட்டுரையிலிருந்து. பகலில் இந்த அலையைப் பழகிய பூனைகளுக்கு ராத்திரித் தூக்கத்தில் ஸ்பிண்டில்கள் கூடின, தூக்கம் கலைவது குறைந்தது. ஸ்பிண்டில் என்றால் தூக்கத்தின் இரண்டாம் நிலையில், அரை நொடியிலிருந்து இரண்டு நொடி வரை, நடுவில் பருத்து இரண்டு பக்கமும் மெலிந்து வரும் ஒரு அலைக்கொத்து. மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்ற பகுதியிலிருந்து கிளம்புவது. வெளியிலிருந்து வரும் சத்தமும் தொடுதலும் தூங்குகிறவரை எட்டாமல் தடுப்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது. அதன் வேகமும் எஸ்.எம்.ஆர். வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் பகலில் ஒன்றைப் பழகினால் ராத்திரி மற்றொன்று பலப்படும் என்று நினைத்தது நியாயமான ஊகம்தான், எனக்கே படித்தபோது பிடித்துப்போன ஊகம்.

மனிதர்களிடம் என்ன ஆனது? 1981இல் பீட்டர் ஹவுரி என்ற தூக்க ஆராய்ச்சியாளர் தூக்கமில்லாதவர்களுக்கு வேறு வேறு வகை ஃபீட்பேக் கொடுத்துப் பார்த்தார். எல்லாருக்கும் ஒரே வகை ஒத்துவரவில்லை, உள்ளுக்குள் இறுக்கமாக இருப்பவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி மாதிரியானது உதவியது, இறுக்கம் இல்லாமலே தூக்கம் கெட்டவர்களுக்கு எஸ்.எம்.ஆர். உதவியது என்று சொன்னார். 2008இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு ஆரோக்கியமான இளைஞர்களிடம் செய்து, தூங்கிப்போக ஆகும் நேரம் குறைந்தது என்று காட்டியது. 2010இல் பெல்ஜியத்தில் வீட்டிலிருந்தே செய்யும் நியூரோஃபீட்பேக்கையும், தசை இறுக்கத்தை மட்டும் தளர்த்தும் பயோஃபீட்பேக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், இரண்டிலும் தூங்கிப்போகும் நேரம் குறைந்தது. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வையுங்கள். 2014இல் அதே சால்ஸ்பர்க் குழு, இந்த முறை தூக்கப் பிரச்சினை உள்ளவர்களிடமே செய்து, மறுபடி நல்ல முடிவு சொன்னது. எல்லாமே சின்னச் சின்னக் குழுக்கள், இருபது முப்பது பேர் அளவில்.

அப்புறம் 2017 வருகிறது. அதே சால்ஸ்பர்க் குழு, மானுவேல் ஷாபஸ் தலைமையில், இந்த முறை கடுமையான சோதனை வைத்தது. தூக்கமின்மை உள்ளவர்களுக்கு உண்மையான பயிற்சியும் கொடுத்தார்கள், போலிப் பயிற்சியும் கொடுத்தார்கள். போலி என்றால் அதே நாற்காலி, அதே எலெக்ட்ரோடு, அதே திரை, ஆனால் பரிசு கிடைப்பது அந்த அலைக்கு இல்லை. எது உண்மை எது போலி என்று நோயாளிக்கும் தெரியாது, பயிற்சி கொடுப்பவருக்கும் தெரியாது. தூக்கத்தை ஆய்வகத்தில் படுக்க வைத்து முழு ராத்திரியும் அளந்தார்கள். முடிவு: தூக்கம் பரவாயில்லை என்று நோயாளிகள் சொன்னார்கள், ஆனால் உண்மைப் பயிற்சியிலும் போலிப் பயிற்சியிலும் ஒரே அளவுக்குச் சொன்னார்கள். கருவி அளந்த தூக்கத்திலோ குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. அந்தக் குழுவே எழுதியது, முன்னேற்றத்துக்குக் காரணம் நம்பிக்கையும், ஒருவர் அக்கறையாகக் கவனித்ததும்தான் என்று. தங்கள் பழைய முடிவையே தாங்களே சோதித்து, சாதகமாக வராததையும் மறைக்காமல் வெளியிட்டார்கள், அந்த நேர்மைக்காகவே அந்த ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதற்கு எதிர்ப்பும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். பயிற்சி எடுத்தவர்கள் அந்த அலையைக் கூட்டவே சரியாகக் கற்கவில்லை என்றால், பயிற்சி தோற்றது என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, ஆராய்ச்சிக்காரர்கள் தொடர்ந்து பார்க்க வேண்டிய கேள்வி. ஆனால் பணம் கட்டப்போகிற உங்களுக்கு அது ஆறுதல் இல்லை. ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்திலேயே பலரால் கற்க முடியவில்லை என்றால், 30 செஷனில் உங்கள் வீட்டுக்காரர் கற்றுவிடுவார் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

இப்போது என் மேஜையிலிருந்து பார்ப்பதைச் சொல்கிறேன். ஈஈஜி எடுக்க வருகிறவர்களிடம் நாங்கள் சொல்லும் முதல் விஷயம், தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள் என்பது. நம் ஊரில் பாதிப் பேர் தேங்காய் எண்ணெயோடுதான் வருவார்கள், எண்ணெய் இருந்தால் எலெக்ட்ரோடு சரியாகப் பிடிக்காது, மூளை அலைக்குப் பதில் சுவரில் ஓடும் கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான் வரும். மே மாதத்தில் ஏசி வேலை செய்யாத அறையில் எடுத்தால் மண்டை வியர்த்து, மெதுவான பெரிய அலைகள் ஆடும், தெரியாதவர் பார்த்தால் டெல்டா என்று நினைப்பார். பல்லைக் கடியுங்கள் என்று சொன்னால் திரை முழுக்கக் கறுப்பாகும், தாடைத் தசையின் மின்சாரம் மூளையின் மின்சாரத்தைப் போல் பல மடங்கு. கண் சிமிட்டினால் முன்பக்கம் ஒரு மலை எழும். இதையெல்லாம் வடிகட்டி உண்மையான அலையை மட்டும் பிரித்தெடுக்க, பார்க்கத் தெரிந்த ஒரு கண் வேண்டும். நெற்றியில் மாட்டும் பட்டை ஒன்றை வைத்துக்கொண்டு செல்போன் ஆப்பில் மூளையைப் பழக்குகிறோம் என்பவர்களிடம் அது இருக்காது.

யோசித்துப் பாருங்கள், ஒழுங்கான கருவியில் தசை இரைச்சல் கலந்தாலே பரிசு நின்றுவிடும்: பல்லைக் கடித்தால் நிற்கிறது, தோளை இறுக்கினால் நிற்கிறது, அசைந்தால் நிற்கிறது. அப்போது வாரத்துக்கு மூன்று தடவை முக்கால் மணி நேரம், செல்போன் இல்லாமல், யாரும் திட்டாமல், தாடையைத் தளர்த்தி அசையாமல் உட்காரக் கற்றுக்கொள்கிறார் ஒருவர். அவருக்குத் தூக்கம் கொஞ்சம் சீராவதில் ஆச்சரியம் என்ன? பெல்ஜியத்தில் வெறும் தசைத் தளர்வுப் பயிற்சிக்கும் பலன் கிடைத்ததை மேலே சொன்னேனே, என் கணக்கில் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன. அதற்கு வளையல் தேவையில்லை.

இன்னொன்றும் பார்க்கிறேன். தூக்கத்தில் ஈஈஜி எடுக்கும்போது சிலர் எழுந்ததும், நான் ஒரு நொடிகூடத் தூங்கலையே மேடம் என்பார்கள். திரையில் ஸ்பிண்டில்கள் வரிசையாக ஓடியிருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. தூக்கமின்மை உள்ள பலருக்குத் தூங்கிய நேரம் குறைவாகவே உணர்வில் பதிகிறது, மூளை தூக்கத்திலும் அரைக் காவலில் இருப்பதால் இருக்கலாம். இதைச் சொன்னால் சிலருக்குப் பெரிய நிம்மதி, சிலருக்குக் கோபம். எப்படியிருந்தாலும் அவர்கள் படும் அவஸ்தை உண்மைதான், ஆனால் மூளை தூங்க மறந்துவிட்டது என்ற பயம் மட்டும் தேவையில்லை.

சரி, உங்கள் வீட்டுக்காரருக்கு வருவோம். வாரத்தில் மூன்று ராத்திரியாவது, மூன்று மாதத்துக்கு மேல் இப்படி என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் 1987இல் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: ஏற்கெனவே உள்ள சுபாவம், தொடங்கி வைத்த சம்பவம், தொடர வைக்கும் பழக்கங்கள். தொடங்கி வைத்தது அந்த அம்மோனியா இரவு, அதில் சந்தேகமே இல்லை. கண் எரிய, மூச்சு முட்ட, கும்மிருட்டில் தெருவில் ஓடிய ஒருவரின் மூளை ராத்திரியைக் காவல் நேரம் என்று குறித்துக்கொள்ளும். அதற்கப்புறம் தூக்கம் போகுமே என்று ஒன்பது மணிக்கே படுப்பது, விடுமுறையில் பத்து மணிவரை கிடப்பது, மத்தியானம் இரண்டு மணி நேரம் போடுவது, ராத்திரி விழித்தால் செல்போனில் மணி பார்ப்பது, இவைதான் தொடர வைக்கின்றன. சம்பவம் போன பிறகும் பழக்கம் நிற்கிறது. நல்ல செய்தி என்னவென்றால் பழக்கத்தை மாற்ற முடியும்.

அவர் பயத்தைக் கற்பனை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். எண்ணூரில் இருப்பவருக்கு வாசனை வந்தால் எழுந்து பார்ப்பது அறிவுள்ள செயல். அதனால் பயப்படாதே என்று சொல்வதைவிட, சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: மறுபடி நடந்தால் எந்தப் பக்கம் போவது, குழந்தைகளை யார் தூக்குவது, ஈரத்துணி எங்கே, யார் வீட்டுக்குப் போவது, பை எங்கே தொங்குகிறது. எழுதி முடித்த திட்டத்தை ராத்திரி இரண்டு மணிக்கு மூளை மறுபடி போட வேண்டியதில்லை. கனவில் அந்த இரவே திரும்பத் திரும்ப வருகிறது, பகலில் வாசனை பட்டாலே உடம்பு நடுங்குகிறது என்றால் அது வெறும் தூக்கமின்மை இல்லை, அந்த அதிர்ச்சிக்கே தனியாகச் சிகிச்சை வேண்டும், மனநல மருத்துவரை அவசியம் பார்க்க வேண்டும்.

நிரூபணமான வழி என்று சொன்னேனே, அது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி-ஐ. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கும் முன்னால் இதைத்தான் முதல் சிகிச்சையாகச் சொன்னது, ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. அதில் இரண்டு பகுதிகள்தான் முதுகெலும்பு.

ஒன்று 1972இல் ரிச்சர்ட் பூட்ஸின் சொன்னது. படுக்கை தூக்கத்துக்கு மட்டும். தூக்கம் கண்ணைச் சொருகினால்தான் படுக்க வேண்டும். சுமார் இருபது நிமிடம் போல வரவில்லை என்று தோன்றினால், மணி பார்க்காமல், எழுந்து வேறு இடத்துக்குப் போக வேண்டும். தூக்கம் வந்தால் திரும்ப வரலாம், வராவிட்டால் மறுபடி எழ வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். இதைப் படிக்கும்போது, ஒற்றை அறை வீட்டில் எழுந்து எங்கே போவது என்று நம்மாட்கள் கேட்பார்கள். நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது, பாய். கட்டிலில் படுப்பவர் பகலெல்லாம் அதே கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டு, டிவி பார்த்து, கவலைப்பட்டு, ராத்திரி அதிலேயே தூங்க வேண்டியிருக்கிறது. பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால் படுக்கை என்ற இடமே வீட்டில் இல்லை. அதனால் பாயைத் தூக்கம் வந்தால் மட்டும் விரியுங்கள், வராவிட்டால் எழுந்து அவரே சுருட்டி வைத்துவிட்டு வாசல்படியிலோ மாடிப்படியிலோ மங்கலான வெளிச்சத்தில் உட்காரட்டும், பழைய பேப்பர் எதையாவது புரட்டட்டும். குழந்தைகளோடு ஒரே வரிசையில் படுக்கிறீர்கள் என்றால் அவர் வாசல் பக்கம் ஓரத்தில் படுக்கட்டும், யாரையும் தாண்டாமல் எழலாம்.

இரண்டாவது ஸ்பீல்மன் கொண்டுவந்தது, கேட்டதும் எல்லாரும் முகம் சுளிப்பார்கள்: தூக்கம் வராதவர் படுக்கும் நேரத்தைக் குறைப்பது. முதலில் இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள், எத்தனை மணிக்குப் படுத்தார், தோராயமாக எப்போது தூங்கினார், எத்தனை தடவை விழித்தார், எப்போது எழுந்தார். உதாரணமாக ஒன்பதரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறார், எட்டு மணி நேரம், அதில் தூங்குவது சராசரி ஐந்து மணி நேரம் என்றால் படுத்த நேரத்தில் 62 சதவீதம்தான் தூக்கம். அப்படியென்றால் கொஞ்ச நாள் பன்னிரண்டு மணிக்குத்தான் படுக்க வேண்டும், எழுவது அதே ஐந்தரை. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. சில நாளில் தூக்கப் பசி சேர்ந்து, பாயில் தலை வைத்ததும் தூக்கம் வரத் தொடங்கும். படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்குகிறார் என்று ஒரு வாரம் நோட்டு சொன்னால், படுக்கும் நேரத்தைக் கால் மணி நேரம் முன்னால் கொண்டுவரலாம். இப்படியே மெதுவாக.

ஆனால் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். இந்த முறையின் முதல் வாரங்களில் பகலில் தூக்கம் அள்ளும், யார்டில் ஒரு நொடி கண்ணயர்ந்தால் அவர் உயிரும் அடுத்தவர் உயிரும் போகும். அதனால் இந்த இரண்டாவது பகுதியை டாக்டருக்குத் தெரிந்துதான் செய்ய வேண்டும், முடிந்தால் லீவில் தொடங்க வேண்டும். இல்லையென்றால் ஒரேயடியாகக் குறைக்காமல் வாரத்துக்கு அரை மணி நேரம் மட்டும் குறைத்துக்கொண்டு வரும் மென்மையான வழி இருக்கிறது, அதையே கேளுங்கள். வலிப்பு நோயோ, இருதுருவ மனநோயோ உள்ளவர்கள் தூக்கத்தைக் குறைக்கும் இந்த வேலையைத் தாங்களாகச் செய்யவே கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள், ஒரு ராத்திரி அவர் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பலமாகக் குறட்டை விட்டு, திடீரென்று மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கிறாரா? அப்படியென்றால் அது தூக்கத்தில் மூச்சுத் தடை, அதற்கு ராத்திரி முழுக்க எடுக்கும் தூக்கப் பரிசோதனையும் தனிச் சிகிச்சையும் வேண்டும், எந்த நியூரோஃபீட்பேக்கும் மூச்சுக்குழாயைத் திறக்காது. படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? இரும்புச் சத்துக் குறைவாலும் அது வரும், ரத்தப் பரிசோதனை போதும். தூக்கத்துக்காக ஒரு குவாட்டர் போடுகிறாரா? சரக்கு தூங்க வைக்கும், பின்னிரவில் அதுவே எழுப்பிவிடும், அவர் இரண்டு மணிக்கு விழிப்பதற்கு அது ஒன்றே காரணமாக இருக்கலாம். ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்குக் குடிக்கும் டீயில் உள்ள காஃபீனில் பாதி பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும்.

தூக்க மாத்திரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், அல்பிரசோலாம் மாதிரி, அதை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். பல மாதம் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் இன்னும் மோசமாகும், படபடப்பு வரும், வலிப்புகூட வரலாம். எங்களிடம் வந்தால் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்று எந்த சென்டர் சொன்னாலும் அந்த இடத்திலிருந்து கிளம்பிவிடுங்கள். எழுதிக் கொடுத்த டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இவ்வளவையும் செய்து பார்த்துவிட்டு, கையில் பணமும் இருந்து, நியூரோஃபீட்பேக்கையும் பார்க்கலாம் என்று தோன்றினால் தடுக்க மாட்டேன். அதில் பெரிய ஆபத்து இல்லை, சிலருக்குத் தலைவலி, சோர்வு, எரிச்சல் வந்து போகும், அவ்வளவுதான். ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பயிற்சி கொடுப்பவர் யார், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா, பதிவு எண் என்ன? பட்டை ஏறுவதை மட்டும் காட்டாமல் மூளை அலையையே நேராகத் திரையில் காட்டுவார்களா? காட்டினால் உங்கள் வீட்டுக்காரரைப் பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள், அப்போதும் பட்டை ஏறிக்கொண்டே இருந்தால் அந்தக் கருவி அளப்பது மூளையை இல்லை. தொடங்கும் முன்னும் பத்தாவது செஷனிலும் தூக்க நோட்டைப் பார்ப்பார்களா, மாற்றம் இல்லையென்றால் மீதிப் பணம் திரும்ப வருமா? கலர் கலராக மூளை வரைபடம் எடுத்து, இதோ சிவப்பாக இருக்கிற இடம்தான் உங்கள் தூக்கமின்மை என்பார்கள். தூக்கமின்மையை அப்படிப் படம் எடுத்துக் கண்டுபிடிப்பதில்லை, நோயாளியிடம் கேட்டும் நோட்டைப் பார்த்தும்தான் கண்டுபிடிக்கிறார்கள். மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி உள்ள கருவி என்பார்கள். அங்கே பயோஃபீட்பேக் கருவிகளுக்கு உள்ள வகை, தளர்வுப் பயிற்சிக்கானது. தூக்கமின்மையைக் குணப்படுத்தும் என்று யாரோ சான்று கொடுத்ததாக அதற்கு அர்த்தமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் நியூரோஃபீட்பேக் செய்கிறார்களே என்றும் சொல்வார்கள். உண்மை, தலைக்காயம் பட்டவர்களுக்கு அங்கே அதை ஆராய்ந்திருக்கிறார்கள், அது வேறு நோய், வேறு நோக்கம்.

உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, மனநலப் பிரிவு உண்டு, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது, இரண்டு இடத்திலும் காசு கேட்க மாட்டார்கள். கீழ்ப்பாக்கம் என்றதும் அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்களோ என்று அவர் தயங்கினால் ஸ்டான்லிக்கே போங்கள், அங்கே எல்லா நோய்க்கும் கூட்டம் நிற்கும், யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். அதற்கும் லீவு கிடைக்காது என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். போகும்போது இரண்டு வார நோட்டையும், மாத்திரை அட்டையையும், குறட்டையை செல்போனில் ஒரு நிமிடம் பதிவு செய்தும் எடுத்துப் போங்கள். ஓ.பி.யில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம், தூக்கம் வரலை சார் என்று மட்டும் சொன்னால் மாத்திரைதான் எழுதுவார். நோட்டை நீட்டி, அம்மோனியா கசிவைச் சொல்லி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதைச் சொல்லி, மாத்திரை இல்லாமல் சிபிடி-ஐ முறையில் செய்ய உளவியலாளரிடம் அனுப்புங்கள் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.